இரண்டு முறை வாங்கிய புத்தகம் எது?

போன வருடம் பொங்கல் முடிந்த வாரம் புத்தக அலமாரியைத் துடைத்து அடுக்கினேன். வாங்கிப் படிக்காமலே கிடந்தவற்றைத் தனியாக எடுத்து வைத்ததில் 47 சேர்ந்தது. கூடத்தில் பரப்பிப் பார்த்தேன். பாதிக்கு மேல் சோழர் வரலாறு. மிச்சத்தில் பாதி அதை ஒட்டி எழுதிய நாவல்கள். கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த ஆசை வருவது இயற்கைதான். ஆனால் பத்து வருடமாக ஒரே கடையில் ஒரே பலகாரத்தை வாங்கித் தின்றிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

செல்போனில் வாங்கப் போனாலும் அதே கதைதான். 'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்' என்று வரிசையாக வரும். அது எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படித்தேன். எந்த இரண்டு பொருட்களை ஒரே ஆட்கள் அதிகமாகச் சேர்த்து வாங்குகிறார்கள் என்று எண்ணி, அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் அடிப்படை. பாத்திரக் கடையில் கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நிறையப் பேர் வாங்காத புத்தகத்துக்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது. பதிப்பு தீர்ந்துபோன தமிழ் நாவல் எப்படி அதற்குள் நுழையும்?

சரி, ஒரு வருடத்துக்கு நானாக எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, மனிதர்கள் சொல்வதை மட்டும் படிப்பது என்று முடிவு செய்தேன். இது அந்த வருடத்தின் பதிவு. யாராவது செய்து பார்க்க நினைத்தால் நான் தடுமாறிய இடங்கள் உதவும்.

கடையில் பேரேடு எழுதும் நீள நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கட்டம் போட்டேன். யார் சொன்னது, எந்த வார்த்தைகளில் சொன்னார், புத்தகம் எங்கே கிடைத்தது, தொடங்கிய நாள், முடித்த அல்லது நிறுத்திய பக்கம். ஒருவரிடம் ஒரு புத்தகம்தான் கேட்பது, பின்னட்டையைப் படிக்காமல் தொடங்குவது, 50 பக்கம் வரை எந்தக் காரணத்துக்காகவும் மூடாமல் இருப்பது என்று மூன்று விதிகள் வைத்தேன். 'திரும்பிப் போய் அவரிடம் என்ன சொன்னேன்' என்ற ஆறாவது கட்டம் அப்போது தோன்றவில்லை. ஏப்ரலில்தான் போட்டேன்.

முதல் இரண்டு மாதம் வீணாகப் போனது. தப்பு என்னுடைய கேள்வியில் இருந்தது. "நல்ல புத்தகம் ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டேன். கூட வேலை பார்க்கிறவர் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் 'பொன்னியின் செல்வன்' என்றார். நான் சின்ன வயதிலேயே ஐந்து பாகமும் படித்தவன். எந்த இடம் பிடிக்கும் என்று ஆசையாகக் கேட்டபோது, முதல் பாகத்தோடு நிறுத்திவிட்டதாகச் சொன்னார். இன்னொருவர் தன் மகனுக்கு வாங்கிக் கொடுத்த முன்னேற்றப் புத்தகம் ஒன்றைச் சொன்னார். அவரும் அதைப் பிரித்ததில்லை. மூன்றாமவர் தனக்கு வந்த ஒரு பட்டியலை அப்படியே எனக்கு அனுப்பிவிட்டார், 100 பெயர்கள்.

அவர்கள் மேல் குறையில்லை. 'நல்ல' என்ற சொல்லைக் கேட்டதும் யாருக்கும் தேர்வு எழுதுகிற நினைப்பு வந்துவிடுகிறது. ஊர் மதிக்கிற பெயரைச் சொல்லிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது. மனதுக்குள் கிடக்கிற புத்தகம் அந்தக் கேள்விக்கு வெளியே வருவதில்லை.

மார்ச்சில் கேள்வியை மாற்றினேன். "இரவல் கொடுத்துத் திரும்பி வராமல், மறுபடியும் காசு போட்டு வாங்கின புத்தகம் ஏதாவது உண்டா?" வீட்டில் புத்தகம் வைத்துக்கொள்ளாதவர்களிடம், "எந்தப் புத்தகத்தை யாருக்காவது நீங்களே சத்தம் போட்டுப் படிச்சுக் காட்டியிருக்கீங்க?" என்று கேட்டேன். ஆட்கள் பேசும் விதமே மாறிப்போனது. பதில் உடனே வராது. கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். அப்புறம் வருவது பெரும்பாலும் நான் எதிர்பார்க்காத பெயராக இருக்கும், கூடவே அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்த் திருப்பித் தராத ஆளைப் பற்றிய கதையும் வரும். அந்தக் கதையையும் நோட்டில் எழுதிவைத்தேன்.

இந்தக் கேள்விக்கு முதல் பதில் அத்தையிடமிருந்து வந்தது. எண்பது வயது தாண்டியவர். "நான் எங்கடா புத்தகம் வாங்கினேன்? கிழிச்சுத் தைச்சு வெச்சிருக்கேன், அதைப் படி" என்று பரண் மேலிருந்த டிரங்குப் பெட்டியைக் காட்டினார். 'தில்லானா மோகனாம்பாள்', ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது வாரா வாரம் பக்கங்களைப் பிரித்து எடுத்துச் சேர்த்துத் தைத்தது. கொத்தமங்கலம் சுப்பு கலைமணி என்ற பெயரில் எழுதியது. ஓவியர் கோபுலுவின் படங்களோடு இருந்தது.

ஆனால் கையில் எடுத்ததும் முதுகு கழன்று வந்துவிட்டது. அந்தக் காலத்து வாராந்தரித் தாள் மரக்கூழில் செய்தது. அதில் இருக்கும் அமிலத்தால் தாள் தானாகவே பழுத்து, ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்கும். படிப்பதற்கு முன்னால் இதைச் சரிசெய்தாக வேண்டும். பைண்டிங் வேலை செய்கிற ஒருவரிடம் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு நானே செய்தேன்.

பழைய தையல், முதுகை ஒட்டிப் பக்கவாட்டில் ஓட்டை குத்திப் போட்டது. புதிதாக ஓட்டை போட்டால் தாள் அந்த வரிசையிலேயே கிழிந்து வந்துவிடும் என்று அவர் எச்சரித்ததால், பழைய ஓட்டைகளிலேயே நூலை விட்டேன். நூலை மெழுகுவர்த்தியில் இரண்டு தடவை இழுத்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகும், தாளை அறுக்காது. பசைக்கு மைதாவைக் கட்டி இல்லாமல் கரைத்துக் காய்ச்சி, துணியில் வடிகட்ட வேண்டும். முதல் தடவை நீர்க்கக் காய்ச்சிவிட்டேன். ஈரம் உள்ளே இறங்கி முதல் நாலு தாள்கள் ஒட்டிக்கொண்டன. பிரிக்கும்போது ஒன்று குறுக்கே கிழிந்தது. கோபுலு வரைந்த நாதஸ்வரக் கச்சேரிப் படம் இருந்த தாள் அது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செலோ டேப் மட்டும் ஒட்டிவிடாதே, சில வருடத்தில் அதன் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும் என்றார் பைண்டிங்காரர். மெல்லிய டிஷ்யூ தாளைக் கையால் கிழித்து (கத்தரித்தால் விளிம்பு தடிப்பாகத் தெரியும்) பின்பக்கமாக ஒட்டினேன். இரண்டாவது தடவை பசையை இட்லி மாவு பதத்துக்குக் காய்ச்சினேன். அட்டைக்கும் தாளுக்கும் நடுவில் பிளாஸ்டிக் தாள் செருகி, காலிகோ (பைண்டிங் துணி) ஒட்டி, கடையிலிருந்து கொண்டுவந்த இரண்டு பித்தளை அண்டாவைக் கவிழ்த்து ஒரு ராத்திரி முழுக்க வைத்தேன். நன்றாக நின்றுவிட்டது. ஆனால் பக்கவாட்டுத் தையல் என்பதால் முழுதாக விரியாது. உள்ளோரத்து எழுத்துகளைச் சாய்த்துப் பிடித்துத்தான் படிக்க வேண்டும்.

நடுவில் இரண்டு வாரத்துப் பக்கங்கள் இல்லை. கேட்டதற்கு, "எனக்கு டைபாய்டு வந்து படுத்திருந்தேன். புத்தகம் வாங்க ஆளில்லை. அப்புறமா பக்கத்து வீட்டுல வாங்கிப் படிச்சேன், அதைக் கிழிக்க முடியுமா?" என்றார். அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து, விட்டுப்போன இரண்டு வாரத்தையும் வாயாலேயே சொன்னார். யார் என்ன புடவை கட்டியிருந்தார்கள் என்பது வரைக்கும் வந்தது. பிற்பாடு நூலகத்தில் அச்சுப் புத்தகத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது. ஆனால் பார்க்கவில்லை. என்னுடைய பிரதியில் அந்த இரண்டு அத்தியாயமும் அத்தை சொன்னபடியே இருக்கட்டும்.

படித்து முடித்து நான் வருவேன் என்று அத்தை நாள் எண்ணிக்கொண்டிருந்தார். "ஜில்லு வர்ற இடம் படிச்சியா?" என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு புத்தகத்தைச் சொன்னவர் அதோடு மறந்துவிடுவதில்லை, காத்திருக்கிறார். இது தெரிந்த பிறகுதான் ஆறாவது கட்டத்தைப் போட்டேன்.

கும்பகோணத்தில் இப்படிக் கேட்டுக்கொண்டு போனால், தி. ஜானகிராமன் இந்த ஊரை வைத்து எழுதிய 'மோகமுள்' வராமல் இருக்காது. நாலு பேர் சொன்னார்கள். படித்ததுதான், ஆனாலும் நாலு பேரின் வார்த்தைகளும் வேறு வேறாக இருந்ததால் இன்னொரு முறை எடுத்தேன். ஒருவர் ரங்கண்ணா பாட்டுச் சொல்லிக்கொடுப்பதற்காகவே படிக்க வேண்டும் என்றார். ஒருவர் யமுனாவைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. துக்காம்பாளையத் தெரு இப்போது எப்படி மாறிவிட்டது என்று வருத்தப்பட்டார் இன்னொருவர். நாலாமவர் பாபுவின் அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது குரல் கம்மிவிட்டது. நான் முதல் தடவை படித்தபோது அந்த அப்பாவைக் கவனித்ததாகவே நினைவில்லை.

மே மாதம், பட்டு நெசவு செய்யும் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். தன் தவலையை ஒட்டுப்போட எங்கள் கடைக்குக் கொண்டுவருகிறவர், சௌராஷ்டிரக் குடும்பம். அவர் சொன்னது 'வேள்வித் தீ'. "எங்க சனத்தைப் பத்தி எங்க சனத்து ஆளே எழுதினது, தம்பி. தறிச் சத்தம் கேக்கும்" என்றார். எழுதிய எம்.வி. வெங்கட்ராம் இந்த ஊர்க்காரர். சரிகை வியாபாரம் செய்துகொண்டே எழுதியவர், 'தேனீ' என்று பத்திரிகையும் நடத்தியவர். கண்ணன் என்ற நெசவாளியின் கதை. என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் நடக்கும் ஒரு கதையை, சோழர் காலத்துச் செப்பேட்டு வாசகமெல்லாம் தெரிந்த நான் படித்ததே இல்லை.

பெரியவரின் பிரதி யாரிடமோ போய்விட்டது. கடைகளில் கிடைக்கவில்லை. கிளை நூலகத்துக்குப் போனேன். நாவல் அடுக்கில் எழுத்தாளர் வரிசை கலைந்து கிடந்தது. நூலகர் அம்மாவிடம் பெயரைச் சொன்னதும், "பச்சை காலிகோ போட்டு பைண்ட் பண்ணினது, ஜன்னல் பக்கம் கீழ் தட்டுல பாருங்க" என்றார். அங்கேதான் இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டைப் பார்த்தால் பல வருடமாக யாரும் எடுத்துப் போகவில்லை.

நம் பக்கத்துச் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதிய நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்கிறது. அடுத்தது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்திருந்தேன். அந்தப் பச்சைக் காலிகோவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது வேறுபாடு புரிந்தது. புத்தகமும் காத்துக்கொண்டிருக்கிறது, அதற்கு ஆளைத் தேடிக் கொடுப்பதும் ஒரு வேலை. 1948-இல் சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வரக் காரணமாக இருந்தவரும் அவர்தான். அதனால்தான் வீட்டு வரியோடு நூலகத்துக்கும் சேர்த்துக் கட்டுகிறோம். நம் காசில் வாங்கி வைத்த புத்தகங்கள் அவை. நூலகர்களிடம் தயவுசெய்து பேச்சுக் கொடுங்கள். எந்த அட்டவணையிலும் இல்லாதது அவர்கள் நினைவில் இருக்கிறது.

சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மளிகைக் கடை அண்ணாச்சி சொன்ன 'வாடிவாசல்', ஜல்லிக்கட்டுக் கதை, ஒரே ராத்திரியில் முடிந்தது. காரிக் காளை கொம்பை ஆட்டும்போது நானும் நகர்ந்து உட்கார்ந்தேன். தம்பி மகள் எட்டாவது படிக்கிறாள், 'டோட்டோ-சான்' கொடுத்தாள். ரயில் பெட்டிகளில் நடந்த ஜப்பானியப் பள்ளிக்கூடம், 1945-இல் குண்டு விழுந்து எரிந்துபோனது. "பெரியப்பா, கடைசி அத்தியாயத்தை ராத்திரி படிக்காதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

ஒரு புத்தகத்தில் தோற்றேன். என் நெருங்கிய நண்பன், மதுரைக்காரன், 'புயலிலே ஒரு தோணி'யை மூன்று தடவை வாங்கியவன். ப. சிங்காரம் எழுதி 1972-இல் வந்தது. நாயகன் பாண்டியன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து இந்தோனேசியாவின் மேடான், மலேயாவின் பினாங்கு, ஜப்பான்காரன் ஆட்சி. நான் 60 பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். ஊர்ப் பெயர்களும் ஆட்களும் வந்துகொண்டே இருந்தார்கள், பிடி கிடைக்கவில்லை. நண்பனிடம் போய்ப் பிடித்திருந்தது என்று பொய் சொல்ல நாக்கு வரை வந்தது. நோட்டில் எழுத வேண்டுமே என்பதால் உண்மையைச் சொன்னேன். அவன் வருத்தப்படவில்லை. "கண்ணால படிச்சியா? அதான். வாய்விட்டுப் படி. பாண்டியனுக்கு மதுரைத் தெருவெல்லாம் ஞாபகம் வரும் பாரு, அந்த இடத்துல ஆரம்பி" என்றான். இரண்டு வாரம் கழித்து மொட்டை மாடியில் சத்தமாகப் படித்தேன். அப்போதுதான் அந்த வாக்கியங்கள் நடக்கிற நடை காதில் விழுந்தது. புத்தகம் திறந்துகொண்டது. எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் சில புத்தகங்கள் கைமாறும் போலிருக்கிறது.

இன்னொன்றை 50 பக்கத்துக்கு மேல் தொடரவே முடியவில்லை. அதைச் சொன்னவரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன்.

உயிரோடு இல்லாத ஒருவரையும் கேட்டுப் பார்த்தேன். வலங்கைமானில் பிறந்த விமர்சகர் க.நா.சு., புத்தகம் சொல்கிற இந்த வேலையை ஆயுள் முழுக்கச் செய்தவர். 'படித்திருக்கிறீர்களா?' என்று ஒரு புத்தகத்துக்குத் தலைப்பே வைத்தார். அவர் போட்ட பட்டியல்களுக்காக வாங்காத வசவு இல்லை. எனக்கு அவரிடம் பிடித்தது, வெளிநாட்டு நாவல் ஒன்று மனதில் தைத்துவிட்டால் அதைப் பற்றிப் பேசுவதோடு நிற்காமல் தமிழிலேயே கொண்டுவந்து கையில் கொடுத்துவிடுவார். நட் ஹாம்சனின் நாவலை அவர் 'நிலவளம்' என்று பெயர்த்ததை ஆகஸ்டில் படித்தேன். நார்வேயில் ஒரு மனிதன் காட்டைத் திருத்தி நிலமாக்கும் கதை. டெல்டாக்காரனுக்கு மண்ணைப் பற்றிப் புதிதாக என்ன தெரியப் போகிறது என்று நினைத்துத் தொடங்கினேன். ஈசாக் தனியாகக் கல் பெயர்க்கும் பக்கங்களில் அந்த நினைப்பு போய்விட்டது.

செப்டம்பரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா ஒருவரிடம் போனேன். என் கேள்வியைக் கேட்டுவிட்டு, "அதை அப்புறம் சொல்றேன். நீ இதுவரைக்கும் என்னென்ன படிச்சிருக்கே, சொல்லு" என்றார். ஏழு மாதத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. நானும் யாரிடமும் அதைச் சொல்லிவிட்டுக் கேட்கவில்லை. வரிசையாகச் சொன்னேன், சோழர்களையும் சேர்த்து. கேட்டுவிட்டு, பழைய தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரின் சுயசரிதையான 'என் சரித்திரம்' எடுத்துக் கொடுத்தார்.

ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்பது புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. 1880-இல் உ.வே. சாமிநாதையர் இதே ஊர்க் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்கிறார். 25 வயது. அந்த வருடம் இங்கே முன்சீபாக (நீதிபதியாக) வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். முதலியார் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்குகிறார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பயன் என்று கேட்டுவிட்டு, சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்கிறார். பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருடக் கணக்கில் பாடம் கேட்ட மாணவர் அவற்றைப் பார்த்ததுகூட இல்லை. மனதில் குத்தியிருக்கும். ஆனாலும் புத்தகம் கிடைத்தால் படிக்கத் தயார் என்கிறார்.

முதலியார் பெயரைச் சொன்னதோடு விடவில்லை. தன்னிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தார். கொடுத்ததோடும் நிற்காமல் கூட உட்கார்ந்து படித்தார். புரியாத இடங்களுக்கு விளக்கம் தேடி ஐயர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போனார். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை. ஒரு மனிதர் இன்னொருவரிடம் இதைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டதிலிருந்து இத்தனையும் வந்தது, அதுவும் எங்கள் ஊரில். இந்தப் பகுதியை நான் நாலு தடவை படித்தேன்.

அதற்குப் பிறகு என் கேள்வியை இன்னொரு முறை திருத்தினேன். முதலில் நான் என்ன படித்தேன், எங்கே சிக்கி நிற்கிறேன் என்று இரண்டு நிமிடம் சொல்லிவிட்டு, அப்புறம் கேட்கிறேன். ஆளைத் தெரிந்துகொண்டு சொல்கிற பெயர் வேறு மாதிரி வருகிறது. அக்டோபருக்குப் பிறகு கிடைத்த மூன்றில் ஒன்றுகூடப் பாதியில் நிற்கவில்லை.

வருடக் கடைசியில் நோட்டைக் கூட்டினேன். முதல் இரண்டு மாதத்தைத் தள்ளிவிட்டால் 12 புத்தகம். 11 முடித்தேன், ஒன்று நின்றது. அலமாரியில் இருந்த அந்த 47-இல் ஒன்றையும் நான் இன்னும் படிக்கவில்லை. அவற்றில் சிலவற்றைச் சொந்தமாக ஆள் பார்த்துக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன்.

'வேள்வித் தீ'யைப் பற்றிச் சொல்லப் பெரியவர் வீட்டுக்குப் போனதை எழுதாமல் விட்டேன். குழித்தறியில் உட்கார்ந்திருந்தார். நான் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே நாடாவை ஓட்டினார். கடைசியில், "படிச்சு முப்பது வருசமாச்சு தம்பி. இப்ப பொடி எழுத்து தெரியலை. கௌசல்யா பேசுற இடமெல்லாம் மறந்தே போச்சு" என்றார். நூலகத்தில் மறுபடியும் எடுத்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம், தறி மேடை ஓரத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்கிறேன். நல்ல இடம் வந்தால் தறி நின்றுவிடும், நானும் நிறுத்தி அந்தப் பக்கத்தை மறுபடி படிப்பேன். தவணை தேதியை நூலகர் அம்மா இரண்டு தடவை நீட்டித்துக் கொடுத்துவிட்டார். போன வாரம் பாவு மாற்றும் வேலை இருந்ததால் ஆறு பக்கம்தான் ஆனது.